லீற்றருக்கு ஒரு மூடி

சபூறாவின் வீட்டில் ஒரு பால் போத்தல் இருக்கிறது. அவளுடைய ஒரே மகள் ஆதிலா குடித்து வளர்ந்த போத்தல். ஆதிலா படித்து ஒலுவில் பல்கலைக்கழகத்துக்கும் போய்விட்டாள். போத்தல் மட்டும் வீட்டை விட்டுப் போகவில்லை. அதன் சூப்பி எப்போதோ கிழிந்துவிட்டது. பக்கத்தில் அச்சடித்திருந்த மில்லிக் கோடுகளும் தேய்ந்துவிட்டன. இருபதிலும் நாற்பதிலும் மட்டும் சபூறா பிளேட்டால் கீறி வைத்திருக்கிறாள். அந்த இரண்டு கீறலும்தான் அவளுக்குத் தேவை.

அவளுடைய புருசன் பக்கீர் முகைதீன் மிசின் வாளும் புல்லு வெட்டும் மிசினும் திருத்துகிறவர். கல்முனைக்குடியில், பெரிய வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்குகிற ஒழுங்கையில் அவர்களுடைய வீடு. வீட்டு வாசலுக்கு முன்னால் தகரம் போட்டு இறக்கிய கராஜ். கராஜுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு கதவு, கதவில் ஒரு சேலைத் திரை. திரைக்கு அந்தப் பக்கம் பக்கீரின் ராச்சியம். இந்தப் பக்கம் சபூறா.

உண்மையில் இரண்டு பக்கமும் சபூறாவுடையதுதான். இந்தப் பக்கத்து ஊர்களில் வீடு பெண்ணுக்குத்தான் எழுதுவார்கள். மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து சேருவார். பக்கீரும் மருதமுனையிலிருந்து அப்படித்தான் வந்தார். வளவு சபூறாவின் வாப்பா கொடுத்தது. கராஜ் நிற்கிற நிலமும் அதற்குள்தான். சந்தியில் யாராவது வழி கேட்டால், 'சபூறாட ஊட்டு மெக்கானிக்கா? அந்தா, மூணாம் கேற்று' என்று காட்டுவார்கள். பக்கீர் அதைக் கேட்டுச் சிரிப்பார். சிரிப்பு கண்ணுக்கு ஏறாது என்பது சபூறாவுக்குத் தெரியும். அவள் ஏழாம் ஆண்டோடு பள்ளிக்கூடம் விட்டவள். நாலு பேர் கூடினால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனால் பார்த்துக்கொண்டிருப்பாள். எதையும் தவற விடமாட்டாள்.

கராஜ் தொடங்கின புதிதில் ஒரு நாள், மாவடிப்பள்ளியிலிருந்து வந்த வயல்காரர் ஒருவருக்குப் பக்கீர் ஒயில் அளவைத் தடுமாறிச் சொன்னார். திரைக்குப் பின்னால் அரிசி புடைத்துக்கொண்டிருந்த சபூறா, தன்னையறியாமல், "அது பழைய மிசின், இருபத்தஞ்சுக்கு ஒண்டு" என்று சொல்லிவிட்டாள். கராஜில் நின்ற நாலைந்து பேரும் திரைப் பக்கம் திரும்பினார்கள். பிறகு அவர்களில் ஒருவன் பக்கீரைப் பார்த்துக் கேட்டான்:

"என்ன காக்கா, தொழிலும் சீதனத்தோடயா வந்த?"

சிரிப்பு ஒழுங்கை முடிவுவரை போனது. பக்கீரும் சேர்ந்து சிரித்தார். ஆனால் அன்றிலிருந்து மூன்று நாள் அவர் சபூறாவோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. கோபமாக ஒரு சொல் சொல்லியிருந்தாலும் அவளுக்குப் பரவாயில்லை. வீடு என்னுடையது, வளவு என்னுடையது, அந்த மனிசனுக்கென்று இருப்பது கராஜுக்குள் அவர் சொல்கிற சொல் ஒன்றுதான். அதையும் நான் பறிக்கக் கூடாது என்று சபூறா தனக்குள் முடிவெடுத்தாள். பதினைந்து வருடம் அந்த முடிவை அவள் மீறவில்லை.

அளவு என்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. இந்த மிசின்களில் ஒயில் ஊற்றத் தனி இடம் கிடையாது. பெற்றோலுக்குள் கலந்து விடுகிற ஒயில்தான் உள்ளே போய் பிஸ்டனை நனைக்க வேண்டும். பழைய மிசினுக்கு இருபத்தைந்து பங்கு பெற்றோலுக்கு ஒரு பங்கு ஒயில். ஒரு லீற்றருக்கு நாற்பது மில்லி. புதிய மிசினுக்கு ஐம்பதுக்கு ஒன்று, இருபது மில்லி. ஒயில் கூடினால் புகை வரும், பிளக்கில் கரி பிடிக்கும், கழற்றித் துடைத்தால் சரி. குறைந்தால் புகையே வராது. மிசின் சோக்காக ஓடுவது போல இருக்கும். பிறகு ஒருநாள் ஒரேயடியாக இறுகிவிடும்.

வாடிக்கைக்காரருக்குக் கலந்து வைக்கிற போத்தல்களை சபூறாதான் திரைக்குப் பின்னால் கலப்பாள். பாதிப் பெற்றோல் முதலில், பிறகு ஒயில், ஒரு குலுக்கு, மிச்சப் பெற்றோல், மறுபடி குலுக்கு. பால் போத்தலில் அளந்துதான். பக்கீருக்கு மில்லி பிடிக்காது. அவருக்கு மூடிதான். அவர் நெடுங்காலமாக விற்ற ஒயில் போத்தலின் சிவப்பு மூடி சரியாக இருபது மில்லி பிடிக்கும். 'புது மிசினுக்கு ஒரு மூடி, பழசுக்கு ரெண்டு மூடி' என்பது அவர் வாயில் பாடமாகிவிட்ட சொல். அவருடைய சாமான் பெட்டியில் அந்தச் சிவப்பு மூடி ஒன்று எப்போதும் கிடக்கும்.

பெற்றோலுக்கு ஆட்கள் நாள்கணக்காய் வரிசையில் நின்ற வருடத்துக்குப் பிறகு அந்த ஒயில் வருவது நின்றுபோனது. வேறொரு ஒயில் வந்தது. கறுப்புப் போத்தல், பச்சை மூடி. கடும் நீல நிறம். ஒரு சொட்டு விட்டாலே பெற்றோல் வானம் போல ஆகிவிடும். வந்த அன்றைக்கே சபூறா பச்சை மூடியைப் பால் போத்தலில் ஊற்றிப் பார்த்தாள். இருபதின் கீறலில் பாதிக்குத்தான் வந்தது. பத்து மில்லி.

சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். ஆனால் பக்கீர் தான் கலக்கும்போது பழைய சிவப்பு மூடியைத்தான் எடுத்தார். அதனால் அவருடைய கையில் அளவு பிசகவில்லை. அவள் கையிலும் பிசகவில்லை. போத்தலை வாங்கிக்கொண்டு போகிறவர்களும் முக்கால்வாசிப் பேர் கண்ணளவில் ஊற்றுகிறவர்கள். பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிட்டாள்.

பூபாலசிங்கம் வந்தது அதற்குப் பிறகு.

காரைதீவுக்காரர். ஐம்பத்தெட்டு வயது. முப்பது வருடம் அடுத்தவருடைய மிசின் வாளில் மரம் வெட்டினவர். பக்கீரை விட மூத்தவர் என்றாலும் 'காக்கா' என்றுதான் கூப்பிடுவார். பக்கீர் அவரை 'அண்ணன்' என்பார். அன்றைக்கு அவருடைய கையில் பெட்டி பிரித்த வாசம் போகாத ஒரு புது மிசின் வாள் இருந்தது. கூடவே அவருடைய தங்கச்சி மகன் பிரசாந்.

"காக்கா, எனக்கே எனக்கெண்டு வாங்கின முதல் மிசின் இது. எப்பிடிப் பாக்கணும் எண்டு ஒருக்கா வடிவாச் சொல்லித் தாங்க" என்றார் பூபாலசிங்கம்.

"பெரிசா ஒண்டுமில்ல அண்ணன். ஒயில்தான் இதுக்கு உசிரு."

"எத்தின மில்லி?"

"மில்லி கில்லியெல்லாம் ஆசுபத்திரிக்கு. லீற்றருக்கு ஒரு மூடி. மறந்திராதீங்க, ஒரு மூடி."

பிரசாந் இடையில் புகுந்தான். "நானெல்லாம் கண்ணால பாத்துத்தான் மாமா ஊத்துற. கொஞ்சம் கூடினா மிசின் கோவிக்கவா போகுது?"

"உன்ட மிசின் போற பக்கம் நாயெல்லாம் இருமுதாம்" என்றார் பக்கீர். "நீ படிச்சுக் குடுக்காத. அண்ணன், நீங்க நான் செல்ற மாதிரிச் செய்யுங்க."

"ஓம் காக்கா. ஒரு மூடி எண்டா ஒரு மூடி." பூபாலசிங்கம் சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்து, உள்ளங்கையில் பெரிதாக ஒன்று என்று எழுதிக்கொண்டார்.

சபூறா திரையின் ஓரத்தால் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கீர் சாமான் பெட்டியிலிருந்து சிவப்பு மூடியை எடுத்து முதல் லீற்றரைக் கலந்து ஊற்றிக் காட்டி, கயிற்றை இழுத்தார். மிசின் ஒரே இழுவையில் பிடித்தது. பிறகு, கொண்டுபோகச் சொல்லிப் புதுப் போத்தல் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பச்சை மூடி.

அவள் திரையை ஒரு சாண் விலக்கினாள். வாயில் சொல் இருந்தது. 'ரெண்டு மூடி.' அவ்வளவுதான். பிரசாந் ஏதோ சொல்லிச் சிரித்தான். அந்தச் சிரிப்புச் சத்தம் கேட்டதும் அவளுடைய கை திரையை விட்டுவிட்டது.

பகல் சாப்பாட்டில், கீரைக்கறியை வைத்துக்கொண்டே சொன்னாள். "இஞ்சருங்க, அந்தப் பச்ச மூடி சின்னன் போல."

"எந்த மூடி?"

"புது ஒயில் போத்தல்ர."

"மூடிதானே. பச்சையென்ன, செவப்பென்ன. அந்தக் கறிய இஞ்சால தள்ளு."

அவள் தள்ளினாள். சொல்லிவிட்டேன், இனி அவர் பாடு என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். அந்தத் தேறுதலை நினைத்துத்தான் இப்போது அவள் வெட்கப்படுகிறாள்.

பத்து நாள் கழித்துப் பூபாலசிங்கம் சங்கிலி தீட்ட வந்தார். முகம் முழுக்கச் சந்தோசம். ஒலுவிலில் பெரிய வேலை கிடைத்திருந்தது. கடல் கரையை அரித்து அரித்து ஒரு தென்னந்தோட்டத்தின் வேலிவரை வந்துவிட்டது. கடலுக்குள் விழுந்தால் ஒன்றுக்கும் உதவாது என்று, கரையோரம் நின்ற இருபத்தாறு தென்னையையும் வெட்டி அறுத்துத் தரச் சொல்லியிருந்தார் தோட்டக்காரர்.

"மிசின் எப்பிடி அண்ணன்?"

"தங்கம் காக்கா! புகையே வாறல்ல. மணமும் இல்ல. பிரசாந்துர மிசினுக்குப் பக்கத்தில நிக்கேலா, இது கோயிலுக்குள்ளயும் கொண்டு போகலாம்."

"நம்மட ஒயில் அப்பிடி" என்றார் பக்கீர்.

திரைக்குப் பின்னால் சபூறா குலுக்கிக்கொண்டிருந்த போத்தலைக் கீழே வைத்தாள். புகை வராத மிசின். அவர் போனதும் சொல்வோம் என்று நின்றாள். அவர் போனார், அடுத்த ஆள் வந்தார். பிறகு அஸருக்குப் பாங்கு சொன்னது. பக்கீர் பள்ளிக்குத் தொழப் போனார். சொல்லுக்கு ஒரு வேளை இருக்கிறது. அது கடந்தால் அதைத் தூக்கி எடுப்பது முன்னையிலும் பாரமாகிவிடுகிறது. மறுநாள் இன்னும் பாரம். 'அண்டைக்கே ஏன் செல்லல்ல' என்ற கேள்வியும் இப்போது அதோடு சேர்ந்துகொண்டது.

அடுத்த கிழமை நடுப்பகலில் பூபாலசிங்கம் திரும்பி வந்தார். மிசினை மடியில் வைத்துக்கொண்டு, பிரசாந்தின் மோட்டார் சைக்கிளில். பத்தாவது தென்னையில் பாதி வெட்டில் மிசின் கிறீச்சென்று கத்திவிட்டு நின்றதாம். கயிறு இழுபடவில்லை. கோடரியால் வெட்டி மரத்தைச் சாய்த்துவிட்டு, இரண்டு நாள் ஒவ்வொரு மரமாய்க் கோடரியால் பார்த்திருக்கிறார். அதற்குள் நாலு மரம் கடலோடு போய்விட்டது. தோட்டக்காரர் வேறு ஆள் பிடித்துவிட்டார்.

பக்கீர் புகைக்குழாயைக் கழற்றினார். டோர்ச் அடித்து உள்ளே பார்த்தார். வெளிச்சத்தைப் பிடித்தபடி பூபாலசிங்கத்தையும் பார்க்கச் சொன்னார். பிஸ்டனின் பக்கம் முழுக்க, ஆணியால் இழுத்தது போல நெடுங்கோடுகள்.

"அண்ணன், இது ஒயில் இல்லாம ஓடின மிசின்."

"இல்ல காக்கா. லீற்றருக்கு ஒரு மூடி விட்டுத்தான் ஊத்தினன்."

"ஒருக்கா மறந்திருப்பீங்க."

"மறக்கல்ல."

"யோசிச்சுப் பாருங்க. வெயில், அவசரம். பெற்றோல ஊத்திப்போட்டு, ஒயில் விட்டன்தானே எண்டு இழுத்திருப்பீங்க. மனிசன்தானே, மறக்கிறதுதானே."

பூபாலசிங்கம் தன்னுடைய உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். ஒன்று எழுதின மை எப்போதோ அழிந்துபோயிருந்தது. பிரசாந் ஏதோ பகிடி விட வாயெடுத்து, மாமாவின் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டான்.

"என்ட அப்பாவும் இப்பிடித்தான் தொடங்கினவர்" என்றார் பூபாலசிங்கம் மெல்ல. "முதல் மண்வெட்டிய வயலுக்க வெச்சு மறந்தார். பிறகு வயலுக்குப் போற வழிய மறந்தார். கடைசில என்னப் பாத்து, ஆரு தம்பி நீங்க எண்டு கேட்டவர். அவருக்கும் அப்ப அறுபது ஆகல்ல."

"சீ, என்ன அண்ணன் கதைக்கிறீங்க?"

"இல்ல காக்கா. ஒரு மூடி விட்டதுதான் எனக்கு ஞாபகத்தில இரிக்கி. ஒவ்வொரு தரமும் விட்டது கண்ணுக்கு முன்னால நிக்கிது. அப்பிடி நிக்கிறதும் பொய்யெண்டா, வேற எத நம்புற?"

சபூறா திரைக்கு ஒட்டி நின்றாள். கையில் பால் போத்தல். இப்போது அவள் வாயைத் திறந்தால் கராஜில் யாரும் சிரிக்க மாட்டார்கள். சிரிக்கிற நேரம் அல்ல அது. அது அவளுக்கே தெரிந்தது. ஆனால் இப்போது சொன்னால் பக்கீரின் சொல்தான் பிழை என்று, மிசின் இழந்த மனிசனுக்கு முன்னால், மருமகனுக்கு முன்னால், ஆகிவிடும். ஒரு அடி முன்னால் வைத்த கால் அதற்கு மேல் நகரவில்லை. பூபாலசிங்கம் ஒரு தரம் திரைப் பக்கம் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழும்பினார்.

"மிசின் இஞ்சயே கிடக்கட்டும் காக்கா. மறக்கிறவன்ட கையில வாள் இருக்கக் கூடா."

மிசின் வேலை மேசைக்குக் கீழே கிடந்தது. சபூறா தினமும் கராஜ் கூட்டும்போது அதைச் சுற்றிக் கூட்டுவாள். பிரசாந் வருகிற நேரமெல்லாம் காதைக் கொடுத்துக் கேட்பாள். மாமா மரம் வெட்டப் போவதில்லை. மாமாவை மாமி கிளினிக்குக்குக் கூட்டிப் போனா. மாமா கேற்றைப் பூட்டினேனா பூட்டினேனா என்று பத்துத் தரம் எழும்பிப் போய்ப் பார்க்கிறார். ஒவ்வொரு தரமும் சொல்வோம் என்று நினைப்பாள். ஒவ்வொரு தரமும் அது ஒரு நாள் பிந்தியிருக்கும்.

ஐந்தாம் மாதம் பிரசாந் சொன்னான்: "நேற்று சைக்கிளையும் எனக்கிட்டத் தந்திட்டார். தனியப் போனா வழி மறந்து போகுமாம், அவர்ர அப்பா மாதிரி. காக்கா, காரைதீவுக்குள்ள அவருக்குத் தெரியாத ஒழுங்கை இல்ல. கண்ணைக் கட்டி விட்டாலும் வீட்ட வருவார். சொன்னா நம்புறார் இல்ல."

அன்றைக்கு அஸர் தொழுகை முடிந்து பக்கீர் வந்தபோது, சபூறா திரையைத் தாண்டி கராஜுக்குள் நின்றாள். வேலை மேசையில் பால் போத்தல், சிவப்பு மூடி, பச்சை மூடி. சிவப்பு மூடி நிறைய ஒயில் எடுத்துப் போத்தலில் விட்டாள். இருபதின் கீறலுக்குச் சரியாக வந்தது. அதைத் திரும்ப ஊற்றிவிட்டு, பச்சை மூடியால் விட்டாள். பாதியில் நின்றது.

பக்கீர் போத்தலை வாங்கித் தானே ஒரு தரம் அளந்தார். பிறகு இன்னொரு தரம். பச்சை மூடியை விரலில் உருட்டிக்கொண்டே நின்றார்.

"எப்ப இருந்து தெரியும் உனக்கு?"

"போத்தல் வந்த அண்டைக்கே."

"யா அல்லாஹ்... ஏன் புள்ள செல்லல்ல?"

"செல்லினன். சோறு தின்னக்குள்ள."

"அது செல்லினதா? கீரக்கறியோட சேத்து எனக்குத் தின்னத் தந்த நீ." குரல் உயர்ந்து, பாதியில் இறங்கியது. மேசைக்குக் கீழே கிடந்த மிசினைப் பார்த்தார். "அண்டைக்கு அந்தச் சீதனப் பேச்சு... அத இன்னும் மனசில வெச்சிரிக்கியா?"

சபூறா தலையைக் குனிந்தாள்.

"நான் மறந்து பதினஞ்சு வருசம்" என்றார் பக்கீர். அது பொய் என்று இருவருக்கும் தெரியும்.

மறுநாளே காரைதீவுக்குப் போயிருக்க வேண்டும். பக்கீர்தான் பொறுக்கச் சொன்னார். "வெறுங்கையோட போய் என்னத்தக் கதைக்கிற? மிசினத் திருத்தி எடுத்துக்குப் போவம். புது பிஸ்டன் போட்டு, ஒரு இழுவையில பிடிக்கிற மாதிரி." அவருக்கு வேலையால்தான் மன்னிப்புக் கேட்கத் தெரியும். பிஸ்டன் கொழும்பிலிருந்து வர வேண்டும். ஒரு கிழமை என்றார்கள். வந்தது அளவு பிழை. திருப்பி அனுப்பினார். மழை பிடித்தது. மூன்று கிழமை போனது. சபூறா அந்த முறையும் பொறுத்தாள். பொறுப்பது அவளுக்குப் பழகிப்போன காரியம்.

நாலாம் கிழமை செவ்வாய்க்கிழமை காலை, பக்கீர் சாய்ந்தமருதுக்கு ஒரு மிசின் பார்க்கப் போன நேரம், அவள் ஹபாயாவைப் போட்டுக்கொண்டு, பால் போத்தலையும் இரண்டு மூடியையும் ஒயிலையும் ஒரு பையில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினாள். காரைதீவில் பூபாலசிங்கத்தின் பெயரைச் சொல்லி வழி கேட்டாள். கல்யாணம் முடித்து இருபத்தேழு வருடத்தில் அவள் தனியாக ஒருவர் வீட்டுக்குப் போனது அதுதான் முதல் தரம்.

கேற்றைத் திறந்தது பூபாலசிங்கத்தின் மனைவி செல்லத்தங்கம். "ஆரு தங்கச்சி?"

"கல்முனைக்குடி. மெக்கானிக் பக்கீர்ர ஊடு."

பூபாலசிங்கம் முன் விறாந்தையில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். மெலிந்து போயிருந்தார். அவருக்குப் பின்னால் சுவரில் ஒரு கலண்டர். ஒவ்வொரு நாளின் கட்டத்துக்குள்ளும் குட்டிக் குட்டி எழுத்தில், 'குளிச்சாச்சு', 'குளிசை போட்டாச்சு', 'கேற்றுப் பூட்டியாச்சு' என்று எழுதியிருந்தது. சபூறா அதை வாசித்தாள். வாசித்த பிறகு இருக்கச் சொன்ன கதிரையில் இருக்க முடியவில்லை. சிமெந்துத் தரையில் இருந்து பையை அவிழ்த்தாள்.

அவள் கதைத்தது கொஞ்சம்தான். ஒரு சொட்டும் சிந்தாமல் இரண்டு மூடியையும் அளந்து காட்டினாள். அவர் சொன்ன மூடி இது. அவர் தந்த மூடி இது. நீங்கள் ஒவ்வொரு தரமும் விட்டீர்கள். விட்ட ஒயில் போதாமல் போனது உங்களால் இல்லை. எனக்கு முதலே தெரியும்.

கடைசி வசனத்தைச் சொல்லாமலும் விட்டிருக்கலாம். அதைச் சொல்லத்தான் அவள் வந்தாள்.

செல்லத்தங்கத்துக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கினதும் வெடித்தாள். "ஆறு மாசமா இந்த மனிசனச் சின்னப் பிள்ள மாதிரிக் கையில பிடிச்சிக்குத் திரியிறன்! கடைக்கு விடல்ல, கடலுக்கு விடல்ல, கத்தியத் தொட விடல்ல! உங்கட வாய்க்குள்ள என்ன தங்கச்சி கிடந்த? ரெண்டு மூடி எண்டு சொல்ல எவ்வளவு நேரம் போகும்?"

"கொஞ்சம் பேசாம இரு" என்றார் பூபாலசிங்கம். கதிரையை விட்டு இறங்கித் தரையில் இருந்தார். மூடியை வாங்கி, தானே ஊற்றினார். கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்தார். மறுபடி ஊற்றினார். மூன்றாம் தரமும் ஊற்றினார்.

"அப்ப நான் மறக்கல்ல."

"மறக்கல்ல அண்ணன்."

"ஒரு தரமும்?"

"ஒரு தரமும் மறக்கல்ல."

அவர் சிரித்தார். சிரிப்பு நெடுக நிற்கவில்லை. "பிரசாந் மாதிரிக் கண்ணளவில ஊத்தியிருந்தா மிசின் இண்டைக்கும் ஓடும். நான் ஒரு சொட்டுக் கூடாமக் குறையாம விட்டன்." பிறகு, போத்தலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே சொன்னார்: "மிசினக் கழட்டின அண்டைக்கு, திரைக்குக் கீழால உங்கட கால் ரெண்டும் தெரிஞ்சிது தங்கச்சி. முன்னுக்கு ஒரு அடி வெச்சீங்க. ஏதோ சொல்லப் போறீங்க எண்டு நினச்சி, நான் கொஞ்ச நேரம் பாத்துக்கு இருந்தன். பிறகு கால் பின்னுக்குப் போயிட்டு. அதையும் நான்தான் பிழையாப் பாத்திட்டன் எண்டு நினச்சன்."

சபூறாவால் அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"அண்ணன், மிசின அவரு திருத்துறாரு. பிஸ்டன் வந்திரும். நீங்க வந்து எடுங்க."

அவர் தன்னுடைய கைகளைப் பார்த்தார். "அண்டைக்கே தெரிஞ்சிருந்தா காக்காவோட நல்லாச் சண்டை பிடிச்சிருப்பன். பிடிச்சிட்டு, அடுத்த நாள் மரத்துக்குப் போயிருப்பன். இப்ப சண்டைக்கும் மனம் எழும்புதில்ல. பாப்பம் தங்கச்சி. பாப்பம்."

செல்லத்தங்கம் ஒரு கிளாஸ் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். கோபம் போகவில்லை, என்றாலும் வைத்தாள். சபூறா அதைக் குடித்தாள். குடித்து முடித்து எழும்பியபோது பூபாலசிங்கமும் கேற்று வரை வந்தார். அவள் ஒழுங்கைக்கு இறங்கியதும் கொக்கி விழுகிற சத்தம் கேட்டது. அவர் திரும்பி நடக்கிற செருப்புச் சத்தம் கேட்டது. நாலைந்து அடி. பிறகு அது நின்றது. திரும்பி வந்தது. கொக்கியை ஆட்டிப் பார்க்கிற சத்தம். மறுபடி செருப்பு. மறுபடி கொக்கி. சபூறா ஒழுங்கையின் வளைவு வரை நடந்துவிட்டாள்; அங்கேயும் அது கேட்டது.

பிஸ்டன் அதற்கடுத்த கிழமை வந்தது. மிசின் ஒரே இழுவையில் பிடித்தது. பக்கீரே அதை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு காரைதீவுக்குப் போனார். திரும்பியும் மிசினோடுதான் வந்தார். என்ன கதைத்தார்கள் என்று சொல்லவில்லை. "வாறன் எண்டாரு" என்றார், அவ்வளவுதான். அன்றிலிருந்து கராஜில் யாராவது அளவு கேட்டால், அவர் உள்ளே திரும்பி, "புள்ள, எத்தின மில்லி?" என்று எல்லாருக்கும் கேட்கும்படி கேட்கிறார். சபூறா சொல்கிறாள். சேலைத் திரை ஒரு பக்கமாக முடிந்து கிடக்கிறது. யாரும் சிரிப்பதில்லை. பதினைந்து வருடத்துக்கு முன்பும் ஒருவேளை இரண்டாம் தரம் சொல்லியிருந்தால் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள் என்று அவளுக்கு இப்போது தோன்றுகிறது.

மிசின் துடைத்து எண்ணெய் பூசி, மேசைக்கு மேலே ஆணியில் தொங்குகிறது. அதற்குக் கீழே ஒரு லீற்றர்ப் போத்தல். கலந்த பெற்றோல் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தால் கெட்டுவிடும், மிசினுக்கு ஆகாது. அதனால் ஒவ்வொரு முதலாம் திகதியும் சபூறா அந்தப் போத்தலைப் பிரசாந்தின் பழைய மிசினுக்குக் கொடுத்துவிடுகிறாள். அது எதையும் குடிக்கும். பிறகு போத்தலைக் கழுவிக் காயவைத்து, பாதிப் பெற்றோல் ஊற்றி, பால் போத்தலில் இருபதின் கீறல் வரை ஒயிலை அளந்து விட்டு, மிச்சப் பெற்றோலையும் ஊற்றிக் குலுக்குகிறாள். 'பூபாலசிங்கம் அண்ணன்' என்று எழுதி ஒட்டின கடதாசித் துண்டு மட்டும் பழையது. இதோடு ஏழாம் தரம் கலந்துவிட்டாள்.